டர்பனிலிருந்து திருச்சிக்கு எட்டரை மணி நேரமாம்!

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இணையதளங்களைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருந்துகொண்டு திருச்சிப் பக்கம் சம்பந்தம் செய்தவனுக்கு வேறு வழி? தூரத்துக்கு அவற்றை நம்பலாம். நேரத்துக்கு நம்பினால் பட்டினிதான்.

டர்பன் கிங் ஷாகா நிலையத்திலிருந்து திருச்சி சுமார் 6,790 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மேல் இரு ஊர்களுக்கும் உள்ள மிகக் குறுகிய பாதை இது. வரைபடத்தில் கோடு மடகாஸ்கரைத் தாண்டி, மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவுகளின் பக்கமாக ஓடும். அழகான கோடு, அதில் பறக்கத்தான் விமானம் கிடையாது. தளமோ கூச்சமே இல்லாமல் தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்து, எட்டரை மணி நேரம் என்று அறிவித்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மைத்துனர் கேட்கிறார்: "காலையில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்களா, மாப்பிள்ளை?"

அந்த எட்டரை மணி நேரத்தில் நான் இறங்குவது துபாயில். டர்பன்–துபாய் மட்டுமே ஏறக்குறைய 6,630 கிலோமீட்டர். அதாவது திருச்சிக்கு நேராகப் போகும் தூரத்தை அங்கேயே தீர்த்துவிடுகிறோம். பிறகு திருச்சிக்கு இன்னும் 2,940 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். நடுவில் காத்திருப்பது தனி. டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். விசா கேள்வியும் கூடவே வரும். (1860இல் நம் முன்னோரைக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு அக்டோபர் 12 அன்று சென்னையில் கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் வாய் மூடிக்கொள்ளும்.)

அதனால் இப்போது முழுப் பயணத்தையும் ஒரே கேள்வியாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் போட்டுப் பார்த்து, கடிகார வித்தியாசத்தை நானே சேர்க்கிறேன்: நம்மைவிடத் துபாய் இரண்டு மணி, இந்தியா மூன்றரை மணி முன்னால். இப்படிக் கேட்டால் தளம் ஒழுங்காகவே வேலை செய்கிறது. டர்பன்–கேப்டவுன் போன்ற நேரடிப் பயணத்துக்குச் சொல்லும் நேரமும் பெரும்பாலும் பொருந்துகிறது.

காற்றை மட்டும் அது அறவே மறந்துவிடுகிறது. இங்கிருந்து பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன. ஜோஹன்னஸ்பர்க்–பெர்த் ஏறக்குறைய 8,300 கிலோமீட்டர். மேலைக்காற்று தள்ளிவிடுவதால் போகும்போது ஒன்பதரை மணி நேரம் போதும். திரும்பும்போது அதே காற்று எதிரே வர, பதினொரு மணி நேரம் ஆகும். தளமோ இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. மைலா, கடல் மைலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 6,790 கிலோமீட்டர் என்பது 4,219 மைல், ஆனால் 3,666 கடல் மைல்.

இன்னொரு தூரம் எந்தத் தளத்திலும் வராது. 2010 மே மாதம் வரை விமான நிலையம் எங்கள் தெற்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது நகரத்தின் மறு கோடியில், லா மெர்சியில். காலை நேரத்து என்2 நெடுஞ்சாலை நெரிசலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை நான் இன்னும் மனக்கணக்காகத்தான் போடுகிறேன்.