துணிப்பை என்று பில் போட்டு நான்-ஓவன் பையைத் தலையில் கட்டுகிறார்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்குபவர்கள் பில்லின் கடைசி வரியைப் பாருங்கள். ஒரு கடையில் பருப்பு, எண்ணெய்க்கெல்லாம் கீழே ‘துணிப்பை மீடியம் 1 - 15.00’ என்று ஏற்றியிருக்கிறார்கள். பை வேண்டுமா என்று கேட்கவே இல்லை. கொடுத்ததோ நான்-ஓவன் பை, அதாவது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். ஓலைக் கொட்டான் முடையும் ஊரில் இதற்கு 15 ரூபாய்!

பையைத் தடவிப் பாருங்கள். வரிசையாகக் குத்துப் புள்ளிகள் இருக்கும், ஓரத்தில் நூல் உருவ வராது. கைப்பிடியைத் தைக்காமல் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். 5 கிலோ அரிசியும் 2 லிட்டர் எண்ணெயும் வைத்துத் தூக்கினால் பிய்வது அந்த ஒட்டில்தான். சந்தேகம் என்றால் ஓரத்தில் துளி வெட்டித் தீ காட்டுங்கள். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். பருத்தி காகிதம் கருகும் வாடையோடு சாம்பலாகும்.

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வந்த தடைப் பட்டியலில் நான்-ஓவன் பையும் இருந்தது. ‘இது 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை), மத்திய அரசு விதிப்படி சரி’ என்று கவுண்டரில் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்குள் போகாதீர்கள். எத்தனை ஜிஎஸ்எம் ஆனாலும் அது துணி ஆகாது, பில்லில் போட்டது பொய். பச்சை நிற ‘மக்கும் பை’ கொடுத்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். ‘பயோடீகிரேடபிள்’ என்ற வார்த்தை மட்டும் போதாது.

நம்மைச் சிக்க வைப்பது டோக்கன் ரேக். சொந்தப் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவதால் பில் போடும்போது கை காலி. மஞ்சப்பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சாமானைத் தள்ளுவண்டியோடு ரேக் வரை கொண்டு போங்கள். முதல் பொருளை ஸ்கேன் செய்யும் முன்பே ‘பை வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்டால் ‘மேனேஜர் வந்துதான் கேன்சல் பண்ணணும்’ என்று நிறுத்தி வைப்பார்கள், பின்னால் நிற்பவர் முறைப்பார், முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள்.

சொந்தப் பையை உள்ளே விடாமல், விலையை முன்கூட்டியே சொல்லாமல், கவுண்டரில் பைக்குக் காசு வாங்குவது நேர்மையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. கடையில் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். வெப்பத்தாள் பில் சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். பிய்ந்த பையையும் பத்திரமாக வையுங்கள்.