சென்னிமலை பெட்ஷீட்: கோடா, கட்டமா?

நிறத்தை விடுங்கள். கோட்டையும் கட்டத்தையும் கண் ஒரே மாதிரி படிப்பதில்லை.

பழுது
கோடு: ஊடை (குறுக்கு) இழை விட்டிருந்தால் கோட்டுக்குக் குறுக்கே ஓடும், உடனே தெரியும். பாவு (நீள) இழை அறுந்திருந்தால் கோட்டோடு கோடாக மறைந்துவிடும்.
கட்டம்: இரண்டு திசையும் ஏற்கெனவே இருப்பதால் இரண்டு பழுதுமே ஒளிந்துகொள்ளும். துணி கோணலாக இழுபட்டிருந்தால் மட்டும் தப்பாது. நேர்க்கோட்டில் லேசான சாய்வையும் கண் பிடித்துவிடும்.

திசை மாறும் இடத்தைக் கண் தேடாமலே காண்கிறது. பார்வை ஆய்வாளர் பெலா யூலெஸ் 1981-ல் ‘டெக்ஸ்டான்’ (கண் சட்டென்று பிரித்தறியும் அடிப்படைக் கூறு) என்று வகுத்தவற்றில் கோட்டின் திசையும் ஒன்று.

கண் கூச்சம்
57 செ.மீ. தள்ளிப் பார்த்தால் 1 செ.மீ. அகலம் கண்ணுக்கு 1 டிகிரி. அதற்குள் மூன்று கறுப்பு-வெள்ளைச் சோடி விழுந்தால் துணி நெளிவதுபோல் தெரியும். கையில் பிடிக்கையில் அது சுமார் 3 மி.மீ. சோடி, 3 மீட்டர் தள்ளி வாசலில் நின்றால் 17 மி.மீ. சோடி. கடையில் சாதுவாக இருந்தது வீட்டில் ஆட்டம் போடுவது இதனால்தான். கட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு.

மூட்டுத் தையல்
கோடு: ஒரு திசையில் பொருத்தினால் போதும்.
கட்டம்: இரு திசையிலும் பொருத்த வேண்டும், துணி கூடுதலாகத் தேவைப்படும்.

ஒற்றைத் தலைவலிக்காரர் வீட்டுக்குக் கட்டம், அல்லது வெளிர்நிற அகலக் கோடு. மொத்தமாக எடுத்துப் பழுது பார்ப்பவருக்குக் கோடு. பாவு இழையை மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.