க்யூஓஎஸ் செட் பண்ணித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

அலுவலகத்தில் இணைய போன் பேசும்போது குரல் அறுந்து அறுந்து வருகிறதா? அதைச் சரிசெய்கிறேன் என்று வருபவருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் ஏற்றுமதி அலுவலகம். வெளிநாட்டு பையர்களோடு பேசுவதெல்லாம் இணைய போனில்தான். சிசிடிவி பதிவு கிளவுடுக்கு ஏறும் நேரத்தில் எதிர்முனைக்கு நம் குரல் பாதிதான் போகும். நெட்வொர்க் வேலை செய்யும் ஒருவர், புது ரவுட்டர் போட்டு, எந்த டேட்டா முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் க்யூஓஎஸ் வசதியில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். ரவுட்டர், கூலி, ஒரு வருடப் பராமரிப்பு என்று 18,500 ரூபாய் வாங்கினார். அவர் சொன்ன வழி சரியானதுதான். அதை அவர் செய்யவே இல்லை.

குரல் அறுவது நிற்கவில்லை. கேட்டால், "லைன் பத்தல சார், பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றார். இது அப்பட்டமான பொய். இணைய போனில் குரலை டேட்டாவாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் வேகம் போதும் (1000 கேபிபிஎஸ் என்பது 1 எம்பிபிஎஸ்). பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் ஆகாது. ரவுட்டர் பாஸ்வேர்டையும் தர மறுத்தார். சண்டை போட்டுத்தான் வாங்கினோம்.

விவரம் தெரிந்த நண்பர் உள்ளே போய்ப் பார்த்தார். எங்கள் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ். க்யூஓஎஸ் பக்கத்தில் 1000 என்று போட்டிருந்தது! முன்னுரிமை வேலை செய்வது வரிசை உருவாகிற இடத்தில் மட்டும்தான். லைன் 1000 தாங்கும் என்று ரவுட்டர் நம்பினால் எதையும் நிறுத்திவைக்காது. எல்லாவற்றையும் அப்படியே ஃபைபர் மோடத்துக்குத் தள்ளிவிடும். நெரிசல் அங்கே உண்டாகும். எது குரல், எது கேமரா என்று பிரித்து அனுப்ப அங்கே யாரும் எதுவும் செட் செய்யவில்லை. அதனால்தான் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும். போதாக்குறைக்கு, போனும் சிசிடிவி பெட்டியும் இரண்டுமே ‘மிக உயர்ந்த’ முன்னுரிமையில் இருந்தன.

போன்களில் டிஎஸ்சிபி 46 (‘இது குரல், முதலில் அனுப்பு’ என்று டேட்டாவின் மேல் ஒட்டும் அடையாளம்) என்று குறியிட்டதைப் பெரிய வேலையாகக் காட்டி, அது வெளிநாடு வரை செல்லுபடியாகும் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் குறியை நம் அலுவலகக் கருவிகள் மதிக்கும். பொது இணையத்தில் அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நண்பர் அப்லோடை 18 ஆக்கி, கேமராவைக் கடைசிப் படிக்கு இறக்கினார். அதற்கு முன் பெரிய ஃபைல் ஏறும்போது பிங், அதாவது அனுப்பியதற்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், 400 மில்லிசெகண்டைத் தாண்டும். இப்போது 30-ஐ ஒட்டியே நிற்கிறது. நீங்களும் பணம் கொடுக்கும் முன் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்: ஒரு கணினியில் பெரிய ஃபைலை அப்லோடு போட்டுவிட்டு, இன்னொன்றில் ‘ping 8.8.8.8’ என்ற கட்டளையை (அந்த எண் கூகுள் சர்வரின் முகவரி) ஓடவிட்டு, நேரம் எகிறுகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு உங்கள் கையில் வந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வேலை முடிந்துவிட்டது என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பில்லில் வெறுமனே ‘நெட்வொர்க் வேலை’ என்று இருப்பதுதான் இப்போது இடிக்கிறது. உங்கள் பில்லில் என்ன செட் செய்தார், என்ன வேகம் போட்டார் என்பதை எழுதி வாங்கிவிடுங்கள்.