தூக்க மாத்திரை கொடுத்து விமானத்தில் ஏற்றும் ஏஜென்டிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

"ஒரு மாத்திரை குடுத்துட்டா தூங்கிக்கிட்டே போயிடும் சார், நீங்க கவலையே படாதீங்க."

எங்கள் பக் நாயை விமானத்தில் அனுப்பித் தருவதாகச் சொன்ன ஏஜென்டின் வாக்கு இது. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நானோ முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

கூண்டு, ஆவணங்கள், முன்பதிவு எல்லாம் அவர் பொறுப்பு என்று பேச்சு. கூண்டை முதலில் கொடுங்கள், அதில் படுத்துப் பழகட்டும் என்று மூன்று வாரம் கெஞ்சினேன். கிளம்பும் நாள் காலையில்தான் கொண்டுவந்தார். யாரோ பயன்படுத்திய பழைய கூண்டு. நாய் நின்றால் தலை கூரையில் இடிக்கிறது. "சின்ன நாய்தானே சார்" என்று உள்ளே தள்ளி, மாத்திரையும் கொடுத்து, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

கூண்டுக்குள் நாய் இயல்பாக நிற்க, திரும்ப, படுக்க இடம் வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதி. நீளத்துக்குக் கணக்கு இது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இன்னும் 10 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் குனிந்து பார்த்துவிட்டு, "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்றார். ஏஜென்ட் இல்லவே இல்லை என்றார். நாய் எழுந்து நிற்கப் பார்த்துக் கால் பின்னி விழுந்தது. ஏற்ற முடியாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். அவரிடம் பத்து நிமிடம் சண்டை போட்டேன், வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை கால்நடை மருத்துவர் விளக்கினார். நாய் உடல் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுப்பாதை பிறவியிலேயே குறுகல். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தடுமாற வைக்கும். சரக்கு அறையில் மூச்சு திணறினால் பார்க்க ஆளில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து வேண்டாம் என்றே சொல்கிறது.

ஆவணங்களைப் புரட்டியவர் இன்னொன்றையும் காட்டினார். நாங்கள் போக இருந்தது ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றுக்கு. அங்கே மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட வெறிநாய்த் தடுப்பூசிதான் செல்லும். ஏஜென்ட் ஊசியை முதலில் போட்டு, சிப்பை நான்கு நாள் கழித்து வைத்திருந்தார். கவுன்டரைத் தாண்டியிருந்தாலும் இறங்கிய இடத்தில் மாட்டியிருப்போம். மறுபடி ஊசி, இந்தியாவிலிருந்து போவதால் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு.

பணம்? "ஏற்ற மறுத்தது விமான நிறுவனம், நான் என்ன பண்ண முடியும்?" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார் ஏஜென்ட்.

உங்களிடமும் ஏஜென்ட் பேசிக்கொண்டிருந்தால், கூண்டு வீட்டுக்கு வரும்வரை முழுப் பணம் கட்டாதீர்கள். சிப் தேதியையும் ஊசித் தேதியையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் படங்களைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அன்று காலை எடுத்த எங்கள் நாயின் படம் அவருடைய விளம்பரத்தில் இன்னமும் இருக்கிறது, "பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது" என்று.