பால்கனித் தச்சுப் பட்டறை: நெடுநாள் புழக்கத்தில் நிலைத்த கருவிகள்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் பின்பக்க பால்கனி நான்கடி அகலம்தான். கொடியில் துணி காய, அதன் கீழே ஒரு கனத்த மேஜையைப் போட்டுச் சில ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்துவருகிறேன். செருப்பு அலமாரி, முக்காலி, அம்மாவுக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி என்று வீட்டுக்கு வேண்டியவை ஒவ்வொன்றாக அங்கே உருவாகியிருக்கின்றன. புதிதாகத் தொடங்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் முதலில் எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் சாணைக்கல் வாங்குங்கள் என்பதே என் பதில்.

புது உளியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மரத்தில் வைத்தால் அது வெட்டாது, நசுக்கும். எவ்வளவு விலை கொடுத்த உளியானாலும் முனையைத் தீட்டிக்கொள்வது நம் வேலை. உளியின் பின்பக்கத்தை முனையருகே கண்ணாடிபோல் சமமாகத் தேய்க்க வேண்டும். சாய்வுப் பக்கத்தை 25 பாகையில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் போதும். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று இரண்டு நயம் கொண்ட (எண் கூடினால் நயமும் கூடும்), தண்ணீர் விட்டுத் தீட்டும் சாணைக்கல் ஒன்றே இதற்கெல்லாம் ஈடுகொடுக்கிறது. எங்கள் தெருவில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து குடியேறிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். தீட்டிய உளியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து, அழுத்தாமல் வைத்துப் பார்ப்பார். முனை வழுக்கிக்கொண்டு போனால் உளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்; நகத்தைப் பற்றிக்கொண்டு நின்றால்தான் ஒத்துக்கொள்வார். “மழுங்கிய உளிதான் தம்பி, கையைப் பதம் பார்க்கும்” என்பார். அது உண்மை. முனை மழுங்கினால் கூடுதல் பலம் கொடுத்துத் தள்ளுகிறோம், உளி சறுக்குகிறது, எதிரே இருக்கும் கை மாட்டிக்கொள்கிறது.

இழைப்புளிக்கும் இதே கதைதான். தீட்டிய இழைப்புளி சில்வர் ஓக் பலகையின் மேல் ஓடும்போது, வெங்காயத் தோல் மாதிரி ஒளி ஊடுருவும் சீவல் சுருண்டு சுருண்டு வரும். நாரோட்டத்துக்கு எதிராகத் தள்ளினால் நார் பிய்ந்து பலகை சொரசொரப்பாகும். பலகையைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். உப்புத்தாளை வைத்து மணிக்கணக்கில் தேய்த்தாலும் அந்த வழவழப்பு வராது என்று நான் அடித்துச் சொல்வேன்.

மின்கருவிகளில் எனக்கு இன்றியமையாதது என்றால் டிரில் ஒன்றுதான். என்னிடம் இருப்பது பாஷ் 550 வாட் இம்பேக்ட் டிரில், 13 மி.மீ. வரை பிட் பிடிக்கும். இன்றுவரை அதில் ஒரு குறையும் இல்லை. மரத்தில் 4 மி.மீ. திருகு போடுமுன் மூன்று மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஒரு வழித்துளை போட்டுவிட்டால் பலகை பிளக்காது. செங்கல் சுவரும் சிமெண்ட் பிளாக் சுவரும் இதற்குக் கட்டுப்படும். ஆனால் பெங்களூரில் இப்போது எழும் பல அடுக்குமாடிகள் அலுமினிய அச்சில் வார்த்தவை. உள்சுவர் முழுக்கக் கான்கிரீட். அங்கே இம்பேக்ட் டிரில் சூடாகுமே தவிர உள்ளே இறங்காது. காற்றழுத்தத்தால் ஓங்கி அடிக்கும் ரோட்டரி ஹாமர் வேண்டும். ஓரிரு துளைகளுக்காக அதை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

அறுப்பதற்கு ஜப்பானிய இழுவை ரம்பம். இழுக்கும்போது அறுப்பதால் தகடு மெல்லியதாக இருந்தாலும் வளைவதில்லை. அறுத்த தடமும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான இழுவை ரம்பங்களில் பல்லைத் தீட்ட முடியாது, தகட்டையே மாற்ற வேண்டும் என்பது மட்டுமே குறை. நம் ஊர்களில் பலர் மார்பிள் கட்டரில் மர பிளேடைப் பூட்டிப் பிளைவுட் அறுக்கிறார்கள். தயவுசெய்து அதை வீட்டில் செய்யாதீர்கள். கல்லுக்காகச் செய்த அந்த மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் நம்மை நோக்கித் துள்ளும். பெரிய பிளைவுட் தாளைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிடுவது நல்லது. கைக்கருவிகளால் இன்னொரு நிம்மதியும் உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இழைப்புளி ஓடும் சத்தத்துக்கு எந்த அண்டை வீட்டாரும் கதவைத் தட்டியதில்லை.

மரத்தூள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. உப்புத்தாளைக் கையில் எடுத்தால் என்-95 முகக்கவசம் போடாமல் நான் தொடங்குவதில்லை. தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் வீட்டுக்குள் பறக்கும்.

ஒரே பெட்டியில் நூறு உருப்படி என்று இணையத்தில் விற்கும் கருவித் தொகுப்பு ஒன்றும் என்னிடம் உண்டு. திருப்புளியின் முனை உருண்டுவிட்டது, மூலைமட்டம் 90 பாகை காட்டுவதில்லை. மூலைமட்டம் பொய் சொன்னால் அதை வைத்துச் செய்யும் பெட்டியும் கோணும். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். மூலைமட்டத்தை நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போட்டு, மறுபக்கம் திருப்பி அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் காசு கொடுங்கள். ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள். வெள்ளைப் பசை முழு வலு பெற ஒரு நாள் ஆகும், அதுவரை ஒட்டிய இணைப்பை அசைக்கக் கூடாது.

மரத்துக்கு மைசூரு சாலையை ஒட்டிய டிம்பர் யார்டு பக்கம் போகிறேன். தேக்கை முதல் வேலைக்கு வாங்க வேண்டாம். குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி படரவும் வளர்க்கும் சில்வர் ஓக் மலிவு, உளிக்கு இணங்கும், ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், அறுத்த பலகையில் வெள்ளிச் செதில்போல் ரேகை மின்னும். பழைய பேக்கிங் பெட்டியின் பைன் பலகையும் நல்லதே. அதில் எச்.டி. (HT) என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்: நடுமரம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். இழைப்பதற்கு முன் பலகை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், தீட்டிய முனை முழுதும் பாழாகிவிடும்.