நாலு கதிரை மேசைக்குக் கூப்பிட்டால் யோசியுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கு வகுப்பு நடக்கிறது. ஆளின் பெயரைப் போடவில்லை. வகுப்புக்குக் கட்டிய 25,000 ரூபாயும், அதற்கு மேல் மூன்று இரவில் 62,000 ரூபாயும் எப்படிப் போனதென்று மட்டும் சொல்கிறேன்.

வகுப்பில் பிழை சொல்ல ஏலாது. வகுப்பெடுக்கும் அண்ணை தந்த அட்டவணை, கையில் விழும் எந்த இரண்டு சீட்டோடு ஆடலாம் என்று சொல்வது, ஒன்பது பேர் மேசைக்கானது. முதலில் பேசும் இடமென்றால் நல்ல சோடி (ஒரே மாதிரி இரண்டு சீட்டு), ஆஸும் கிங்கும் மாதிரிக் கை, மற்றதெல்லாம் எறி. பின்னால் எட்டுப் பேர் இருக்கும்போது அது சரியான புத்திதான்.

பிறகு ஒருநாள், "கெசினோவுக்குப் போனால் வாசலிலேயே டொலரில் வரி கேப்பான். இஞ்சையே பழகுவம், வாரும் தம்பி" என்றார். போனேன். பெரிய மேசை, நாலே நாலு பேர்.

பிளைண்ட், அதாவது சீட்டுப் போட முதல் இருவர் முறைவைத்துக் கட்டாயம் வைக்கும் காசு, 100, 200. ஒன்பது பேரென்றால் ஒன்பது கைக்கு ஒருதரம்தான் அந்த 300 ரூபாய் போகும். நாலு பேரில் நாலு கைக்கு ஒருதரம். ஆள் குறைய ஆட்டமும் வேகம்: மணிக்கு 40 கை ஓடினால், சும்மா இருந்தே 3,000 ரூபாய் கரையும். ஏதாவதொரு சோடி விழுவதே சராசரியாக 17 கைக்கு ஒருதரம். இரண்டு ஆஸ் 221 கைக்கு ஒருதரம். நான் அட்டவணையை நம்பிக் குந்தியிருந்தேன். நாலு பேரில் முதலில் பேசுபவர், ஒன்பது பேர் மேசையில் ஐந்து பேர் எறிந்த பிறகு பேசுபவருக்குச் சமன். அந்த இடத்தில் ஆஸும் பத்தும், சின்னச் சோடியும்கூட ஏற்றி ஆடவேண்டிய கை. அண்ணைக்கு இது தெரியாதா?

இது பாதிதான். கை ஒவ்வொன்றையும் போனில் குறித்து வைப்பது என் பழக்கம். மூன்றாம் இரவு வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான் காசு போட்டால் ஒருவர் ஏற்றுவார், மற்றவர் அதற்கு மேல் ஏற்றுவார். நடுவில் நசிந்து நான் எறிந்தவுடன் இருவரும் சாதுவாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு சதம் ஏறாது. ஒருதரம் இரண்டுதரமல்ல, பதினொரு தரம். 304 சீட்டாட்டம் விளையாடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நாலு பேர் இருந்தால் இரண்டு சோடி. என் சோடி எதிரே இருந்த அண்ணைதான் என்று நினைத்திருந்தேன், மடையன். அவரோ ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு ஐந்து வீட்டுச் செலவென்று எடுத்துக்கொண்டிருந்தார்.

சந்தேகத்தைத் தீர்க்க, இரண்டு நண்பர்களைக் கூட்டி வரவா என்று கேட்டேன்.

"மேசை நிரம்பிட்டுது தம்பி."

ஒன்பது கதிரை போடக்கூடிய மேசை அது.

பொலிசுக்குப் போகவும் மனமில்லை. சூதாட்டமென்றால் சட்டச் சிக்கல், நானும் காசு வைத்து ஆடியவன்தானே. அந்தத் துணிவில்தான் அவர்கள் நடத்துகிறார்கள். வகுப்புக் காசையாவது திருப்பிக் கேட்டு அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலச் சரி மட்டும் விழுந்திருக்கிறது. குறித்த கைகள் என்னிடம் அப்படியே இருக்கின்றன. அதே வீட்டுக்கு அழைப்பு வந்தவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.