கிலோ எவ்வளவு என்பதற்கு முன்னால் எத்தனை பேர்: வீட்டு கேக்குக்கு நான் வைத்திருக்கும் அளவுக் கணக்கும் விலைக் கணக்கும்

பெருந்துறையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், சீர், அறுபதாம் கல்யாணம், எல்லாமே வரும். ஆர்டர் எடுக்க நான் நம்பியிருப்பது மூன்று பொருளை மட்டும்தான்: ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் துண்டுக் கணக்கு அட்டவணை, போனில் ஒரு கூகுள் ஷீட். சில வருடமாக இவை மூன்றையும் விடாமல் பயன்படுத்துகிறேன், எது உதவியது, எது உதவவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடியும். கேக் வகுப்பு முடித்து வரும் பெண்கள் எல்லோரும் "கிலோ எவ்வளவுக்குங்க்கா கொடுக்கறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் சொல்வது, கிலோவைக் கடைசியில் வையுங்கள், முதலில் ஆளை எண்ணுங்கள்.

ஏன் என்றால் கேக்கில் எடை என்பது அளவே இல்லை. 8 இஞ்ச் வட்ட டின்னில் மூன்று இஞ்ச் உயரத்துக்கு ஸ்பாஞ்சும் விப்பிங் கிரீமும் வைத்துச் செய்தால் ஏறக்குறைய ஒரு கிலோ, கொஞ்சம் கூடலாம். அதே 8 இஞ்ச், அதே உயரம், ஆனால் பட்டர் கேக், மேலே ஃபாண்டன்ட் (மாவு மாதிரி தேய்த்துப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு) என்றால் தராசு ரொம்ப மேலே போய் நிற்கும். இரண்டிலும் விழும் துண்டின் எண்ணிக்கை ஒன்றே. அப்போது கிலோவுக்கு விலை பேசி, ஃபாண்டன்ட் கேக்குக்கு "ஒரு கிலோ போதுங்க" என்று வாங்கிப் போகிறவர் வீட்டில் கேக் சின்னதாக இருக்கும், வந்தவர்களுக்குப் பத்தாது, பேர் நமக்குக் கெடும். அதனால் முடிந்த கேக்கை எல்லாம் டெலிவரிக்கு முன் நிறுத்துப் பார்ப்பேன். கேக் வைக்கும் அட்டையை, அதாவது போர்டைத் தராசில் வைத்து ஜீரோ செய்துவிட்டு ஸ்பாஞ்ச், அப்புறம் சர்க்கரைத் தண்ணி, அப்புறம் கிரீம் என்று ஒவ்வொன்றும் ஏறியபின் எத்தனை என்று குறித்துக்கொண்டால், கொஞ்ச நாளில் நம் கைக்கு எந்த டின் எத்தனை கிலோ என்பது நமக்கே தெரிந்துவிடும். அடுத்தவர் அட்டவணையைவிட அதுதான் சரியாக இருக்கும்.

இனி துண்டு. வெளிநாட்டு அட்டவணைகளில் கல்யாணக் கேக் துண்டு என்பது ஒரு இஞ்ச் அகலம், இரண்டு இஞ்ச் நீளம், நான்கு இஞ்ச் உயரம். அந்தக் கணக்கில் 6 இஞ்ச் வட்டத்தில் 12, 8 இஞ்சில் 24, 10 இஞ்சில் 38 துண்டு. என் பிரிட்ஜ் கதவில் இருப்பது இதுதான், ஆனால் பக்கத்திலேயே இன்னொரு பத்தி பேனாவில் எழுதியிருக்கிறேன். நம் பக்கம் பெரும்பாலும் கேக் மூன்று இஞ்ச்தான் உயரம் வரும், அதனால் எல்லாவற்றையும் முக்கால் ஆக்க வேண்டும்: 9, 18, 28. இந்தத் திருத்தம் இல்லாமல் அந்த அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டால் 24 பேருக்கு என்று சொல்லிக் கொடுத்த கேக்கில் துண்டு மெலிந்து, தட்டில் வைத்தால் சாயும்.

அதைவிட முக்கியம் எப்போது வெட்டுகிறார்கள் என்பது. வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு பிறந்தநாள், கேக்கும் மிக்சரும் காபியும் மட்டும் என்றால் ஆளுக்கு நூறு கிராம் வைக்க வேண்டும், கிலோவுக்குப் பத்துப் பேர். மண்டபத்தில் கேக் வெட்டி முடித்த கையோடு பந்தி என்றால் ஐம்பது கிராமுக்கு மேல் யாரும் சாப்பிடுவதில்லை, இலையில் இனிப்பு வேறு காத்திருக்கிறது. அப்படியானால் அதே ஒரு கிலோ இருபது பேருக்கு வரும். போனில் பேசும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே ஆர்டர் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறிவிடும்.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு அம்மா பேசினார். "கண்ணு, நம்ம பாப்பாவுக்கு சீருங்க, மூணு தட்டு வச்ச மாதிரி பெரிசா கேக் வேணும், முந்நூறு பேர் வருவாங்க." நான், "சரிங்கம்மா, முந்நூறு பேருக்கும் கேக் தரணுமுங்களா, இல்ல மேடையில வெட்டி சொந்தக்காரங்களுக்கு ஊட்டினா போதுமுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும் ஒரு வாய் தந்தாத்தான் கண்ணு நல்லாயிருக்கும்" என்றார். முந்நூறு துண்டுக்கு அடுக்கு கேக் கட்டினால் செலவும் ஏறும், வண்டியில் போகும் வழியில் பயமும் ஏறும். இந்த மாதிரி ஆர்டருக்கு நான் செய்வது: மேடைக்கு 6 இஞ்சும் 8 இஞ்சும் சேர்ந்த இரண்டு அடுக்கு, நான்கு இஞ்ச் உயரம், அதில் 36 துண்டு. மீதிக்கு அதே ஸ்பாஞ்ச், அதே கிரீமில், அலங்காரம் இல்லாத தட்டு கேக். 12க்கு 16 இஞ்ச் தட்டில் இரண்டு இஞ்ச் உயரத்துக்குச் செய்து, 2க்கு 2 இஞ்சாக வெட்டினால் சரியாக 48 துண்டு. சதுரத் துண்டும் அடுக்கு கேக் துண்டும் கன அளவில் ஒன்றுதான், இரண்டும் எட்டு கன இஞ்ச், அதனால் யாருக்கும் கூடக் குறைய இல்லை. ஆறு தட்டு போட்டால் 288, மேடை கேக்கோடு 324. சமையல்கட்டில் மாஸ்டரிடம் முன்னாலேயே தட்டுகளைக் கொடுத்துவிட்டால், மேடையில் போட்டோ முடிவதற்குள் பேப்பர் பிளேட்டில் துண்டுகள் வரிசையாக ரெடியாக இருக்கும்.

வட்டக் கேக்கை எப்படி வெட்டச் சொல்கிறோம் என்பதும் இதில் சேர்த்திதான். நம் வீடுகளில் எல்லோரும் முக்கோணமாகத்தான் வெட்டுவார்கள், அப்படி வெட்டினால் 8 இஞ்ச் கேக் பன்னிரண்டில் தீர்ந்துவிடும். கேக்கோடு ஒரு சின்னக் கார்டில் படம் போட்டு அனுப்புகிறேன்: கத்தியைச் சுடுதண்ணியில் நனைத்துத் துடைத்து, ஓரத்தில் இருந்து நேராக ஒரு இஞ்ச் அகலத்தில் கீற்று கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றையும் படுக்கவைத்து இரண்டு இஞ்சுக்கு ஒரு வெட்டு. முதல் கீற்றும் கடைசிக் கீற்றும் சின்னதாக வரும், குழந்தைகளுக்கு ஆகும். இந்தக் கார்டு அனுப்ப ஆரம்பித்த பிறகு "பத்தலீங்க" என்ற போன் வருவதே இல்லை.

டின் மாற்றும்போது மாவு எவ்வளவு என்பதற்கு ஷீட்டில் ஒரே சூத்திரம். புது விட்டத்தின் வர்க்கத்தைப் பழைய விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 8 இஞ்ச் ரெசிபியை 10 இஞ்சுக்கு மாற்ற 100-ஐ 64-ஆல் வகுத்தால் 1.56, ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். 6 இஞ்சுக்கு 0.56. முட்டையில் பின்னம் வரும் என்று பயப்பட வேண்டாம், ஓடு நீக்கி அடித்து கிராமில் நிறுத்து ஊற்றலாம், ஒரு முட்டை சுமார் ஐம்பது கிராம்.

சரி, விலை. இப்போது என் ஷீட்டில் இருக்கும் ஒரு கிலோ சாதா பிளாக் ஃபாரஸ்டை அப்படியே சொல்கிறேன். மைதா 8, சர்க்கரை 10, முட்டை ஐந்து 32, எண்ணெய் 12, விப்பிங் கிரீம் 88, செர்ரியும் சாக்லேட்டும் 70, எசன்ஸ் பேக்கிங் பவுடர் 10, போர்டும் பாக்ஸும் 50. மொத்தம் 280. கரண்டுக்கு 15. என் ஓடிஜி (கரண்டில் ஓடும் ஓவன்) 2,000 வாட், ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் இரண்டு யூனிட், ஹீட்டர் விட்டு விட்டு எரிவதால் அதைவிடக் குறைவுதான், ஆனால் நம் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும், அதனால் இதைத் தாராளமாகவே வைத்திருக்கிறேன். 295 ஆச்சு. சிந்தினது, ஓரம் வெட்டினது, பாத்திரத்தில் ஒட்டினது என்று பத்து சதவீதம், 325. இதோடு நிறுத்திவிட்டு, இதை இரண்டால் பெருக்கி 650 என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அந்த முறை பிடிக்காது. சாதா கேக்குக்கும் நான்கு மணி நேரம் பூ பிழிந்த கேக்குக்கும் கிரீம் ஏறக்குறைய ஒரே அளவுதான் போகும், இரண்டால் பெருக்கினால் அந்த நான்கு மணி நேரம் கணக்கிலேயே வராது.

இந்த ஊரில் வேலைக்குக் கணக்கு தெரியாதவர் யாரும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் அக்காவுக்கு ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, ஒன்றரை ஷிப்டுக்கு எவ்வளவு என்று தெரியும், பீஸ் ரேட் என்றால் பீஸுக்கு எவ்வளவு என்றும் தெரியும். வீட்டு அடுப்படியில் நின்று செய்தால் மட்டும் அந்த நேரத்துக்கு விலை இல்லையா? நான் மணிக்கு 120 ரூபாய் வைத்திருக்கிறேன். பிளாக் ஃபாரஸ்டுக்கு இரண்டரை மணி நேரம், பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போவதின் பங்கு, கஸ்டமரிடம் போனில் பேசுவது எல்லாம் சேர்த்து. 300 ரூபாய். ஆக 625. அதன்மேல் பதினைந்து சதவீதம், கிரீம் அடிக்கும் பீட்டர் ரிப்பேருக்கும் புது டின்னுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் (நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான், எல்லோரும் எடுத்துவிடுங்கள்) நாளைக்குத் தொழில் வளரவும். 720க்கு வந்து நிற்கிறது.

அரை கிலோ என்றால் பாதி, 360 தானே என்று கேட்பார்கள். இல்லை. அரை கிலோவுக்கு 6 இஞ்ச் டின், அதனால் சாமான் 0.56 ஆகக் குறையும், ஆனால் பாக்ஸும் போர்டும் கொஞ்சம்தான் குறையும், நேரம் அரை மணிதான் மிச்சம். கூட்டிப் பார்த்தால் 500. ஷீட் இதைக் காட்டியதுதான் எனக்குப் பெரிய உதவி, ஏனென்றால் வருவதில் பாதி அரை கிலோ ஆர்டர். கேட்கிறவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், "அரை கிலோவுக்கும் வேலை அதேதானுங்க". பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் ஒரு கிலோவாகவே மாற்றிக்கொள்கிறார்கள். பேக்கரியில் கிலோ 500க்குக் கிடைக்கிறதே என்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, அவர்கள் ஒரே நாளில் ஐம்பது கேக் போடுகிறார்கள், அவர்கள் கணக்கு வேறு.

ஷீட்டில் முட்டைக்கு மட்டும் தனிக் கட்டம். நாமக்கல் விலை தினமும் அறிவிக்கிறார்கள், புரட்டாசியில் இறங்கும், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஏறும். அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் எல்லா கேக் விலையும் தானாக மாறிவிடும். புரட்டாசியில் முட்டை இல்லாத கேக்தான் கேட்பார்கள், முட்டை போடாததால் விலை குறையும் என்று நினைப்பார்கள். முட்டைக்குப் பதிலாகப் போடும் கன்டென்ஸ்டு மில்க் விலையைப் பார்த்தால் அது ஏறத்தான் செய்யும். அதே மாதிரி, மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் வேண்டாம், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் ஊத்துக்குளி வெண்ணெயும் போட்டுச் செய் என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆர்டர்கள் அவை. அதற்கு ஷீட்டில் தனித் தாள். வெண்ணெய் கேக் அடர்த்தி என்பதால் துண்டைச் சின்னதாகவே வைக்கலாம், கிலோவில் கேட்டால் மலைப்பாகத் தெரியும் விலை துண்டுக்குப் பார்த்தால் அவ்வளவு ஏறாது. இங்கேயும் ஆள் கணக்கில் பேசுவதுதான் கை கொடுக்கிறது.

சொந்தக்காரர்களுக்கு விலை குறைப்பதை எப்படி வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். முழு விலையையும் பில்லில் எழுதி, கீழே நான் குறைத்ததை "மொய்" என்று எழுதிக் கழித்துவிடுகிறேன். அத்தைக்கும் சந்தோஷம், என் உழைப்பின் விலையும் அவருக்குத் தெரியும், அடுத்து அவர் சொல்லி வருகிறவர் முழு விலையோடுதான் வருவார்.

குறை இல்லாமல் இல்லை. மாவுக் கையோடு போனில் ஷீட்டைத் திறப்பது தொல்லை, அதனால் ராத்திரிதான் ஏற்றுகிறேன். தயாராகக் கிடைக்கும் விலை ஆப்கள் சிலவற்றைப் பார்த்தேன், எல்லாம் கப் அளவிலும் பட்டர் கிரீமிலும் ஓடுகின்றன, நமக்கு ஒத்துவரவில்லை. டெலிவரியை ஷீட் சரியாகப் பிடிக்காது. சித்திரை வெயிலில் ஈரோடு பக்கம் மதியம் கிரீம் கேக்கை பைக்கில் கொண்டு போக முடியாது, காலை ஏழு மணிக்குள்ளோ ஏசி காரிலோதான், அந்தச் செலவை ஊரைப் பார்த்துத் தனியாகச் சொல்கிறேன். ஃபாண்டன்ட் பொம்மைக்கான நேரமும் அப்படித்தான். ஒரு பிள்ளையார் இரண்டு மணியில் முடியும், ஒரு டிராக்டர் ஐந்து மணி இழுக்கும். அதற்கு மட்டும் "இத்தனையில் இருந்து இத்தனைக்குள்" என்று இரண்டு எண்ணாகச் சொல்லி, பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, பொம்மை முடிந்த அன்று போட்டோவோடு கடைசி விலையை அனுப்புகிறேன்.